குற்றவாளி என்றான பிறகு…

நம் சினிமா நீதிபதிகள் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் முடித்துவிடுவார்கள். சாட்சிகளைக் கொண்டு குற்றம் ஐயம் திரிபற நிரூபணமாகிறது, 302ஆவது பிரிவின் கீழ் தூக்கு, சுத்தியலால் ஓங்கி ஒரு தட்டு. அந்தச் சுத்தியல் நம் ஊர்க் கோர்ட்டுகளில் கிடையாது என்பது ஒருபுறம் இருக்கட்டும். அந்த ஒரே மூச்சும் கிடையாது. நிஜ செஷன்ஸ் கோர்ட்டில் அது இரண்டாகப் பிரிகிறது. முதலில் ‘குற்றவாளி’ என்ற அறிவிப்பு. அதன் பிறகு கூண்டில் நிற்பவரைப் பார்த்து நீதிபதி கேட்டே ஆகவேண்டிய ஒரு கேள்வி: “தண்டனை பத்தி என்ன சொல்ல விரும்புறீங்க?”

பதிலும் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்ததுதான். “ஐயா, நான் ஒரு தப்பும் பண்ணலைங்க. வயசான அம்மா இருக்காங்க. ரெண்டு சின்னப் பிள்ளைங்க. என்னை விட்டா யாரும் இல்லைங்க. குறைச்சலா பார்த்துக் குடுங்கய்யா.” அரசு வழக்கறிஞர் எழுந்து, குற்றத்தின் தன்மையைக் கருதி அதிகபட்சத் தண்டனை தர வேண்டும் என்பார். எதிர்த்தரப்பு வக்கீல், முதல் குற்றம், இளம் வயது, கருணை காட்ட வேண்டும் என்பார். மூன்றும் சேர்ந்து தீர்ப்பில் ஒரு பத்தி ஆகும். மனு எழுதத் தெரிந்த எவரும் பார்க்காமலே எழுதிவிடக்கூடிய பத்தி. அதற்கு அடுத்த வரியில் எண் வந்துவிடும்: ஏழு ஆண்டு, பத்து ஆண்டு, ஆயுள், தூக்கு.

அந்தப் பத்திக்கும் அந்த எண்ணுக்கும் நடுவில் என்ன நடக்கிறது என்பதுதான் இந்தக் கட்டுரை. குற்றம் நடந்ததா என்று தீர்மானிக்க நம் நீதிமன்றங்கள் ஆண்டுக்கணக்கில் சாட்சி கேட்கின்றன. குற்றம் செய்தவர் யார், எப்படிப்பட்டவர் என்று கேட்க அவற்றுக்குச் சில நிமிடம் போதுமானதாக இருக்கிறது.

கேள்வி பிறந்த கதை

அந்தக் கேள்வியே அண்மைக்காலத்து வரவுதான். 1898ஆம் ஆண்டின் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் தண்டனைக்கென்று தனி விசாரணை கிடையாது. தண்டனை பற்றித் தனியாகக் கேட்க வேண்டும் என்று சட்ட ஆணையம் தன் 48ஆவது அறிக்கையில் பரிந்துரைத்தது; அதை ஏற்று 1973ஆம் ஆண்டுச் சட்டத்தில் 235(2) என்ற பிரிவு நுழைந்தது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் அதற்கு 258(2) என்று எண்.

இது சடங்குக்காக வைத்த பிரிவா? இல்லை என்று 1976இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சாந்தா சிங் என்பவருக்குப் பஞ்சாப் கோர்ட் தூக்கு விதித்தபோது இந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. தண்டனையை ரத்து செய்து, மறுபடி கேட்டு முடிவெடுங்கள் என்று கீழே அனுப்பினார்கள். ‘கேட்பது’ என்றால் இரண்டு வார்த்தை பேசவிடுவது மட்டுமல்ல, ஆவணம், சாட்சி என்று எதைக் கொண்டுவந்தாலும் அனுமதிப்பதும் சேர்ந்தது என்றும் அந்தத் தீர்ப்பு விளக்கியது. அடுத்த ஆண்டே தக்டு வழக்கில், கேள்வி விட்டுப்போயிருந்தால் மேல் நீதிமன்றமே கேட்டுக்கொள்ளலாம் என்று கொஞ்சம் தளர்த்தினார்கள். 1989இல் அல்லாவுதீன் மியான் வழக்கில், குற்றவாளி என்று அறிவித்த பிறகு வேறொரு நாளுக்குத் தள்ளிவைப்பதே பொதுவிதியாக இருக்க வேண்டும் என்றார்கள்.

விதி அப்படி, பழக்கம் ஊருக்கு ஊர், நீதிபதிக்கு நீதிபதி மாறுகிறது. 2025 மே 13 அன்று பொள்ளாச்சி பாலியல் வன்கொடுமை வழக்கில் கோவை மகளிர் நீதிமன்றம் ஒன்பது பேரையும் குற்றவாளிகள் என்று அறிவித்தது. தண்டனையும் அன்றே வந்தது, சாகும்வரை சிறை. அதே மாதம் 28ஆம் தேதி அண்ணா பல்கலைக்கழக வளாகப் பாலியல் வன்கொடுமை வழக்கில் சென்னை மகளிர் நீதிமன்றம் குற்றத்தை அறிவித்துவிட்டு, ஜூன் 2 வரை தண்டனையைத் தள்ளிவைத்தது. இரண்டிலும் குற்றவாளிகள் மேல் யாருக்கும் இரக்கம் இல்லை, எனக்கும் இல்லை. ஆனால் தண்டனை விசாரணைக்கு எவ்வளவு நேரம் என்பது, நமக்கு இரக்கம் வருகிறதா என்பதைப் பொறுத்து அமையும் விஷயம் இல்லை.

கம்மாபுரம் வழக்கு

அந்த நேரம் ஏன் முக்கியம் என்பதற்குக் கடலூர் மாவட்டத்தில் நடந்த ஒரு வழக்கைவிடத் தெளிவான பாடம் எனக்குத் தெரிந்து இல்லை. 2009 ஜூலையில் பள்ளி விட்டு வேனில் திரும்பிய ஏழு வயதுச் சிறுவன் கடத்தப்பட்டான். ஐந்து லட்சம் ரூபாய் கேட்டு மிரட்டல் வந்தது. பிறகு சிறுவனின் உடல்தான் கிடைத்தது. கைதானவருக்கு அப்போது வயது 23.

2010இல் கடலூர் நீதிமன்றம் தூக்கு விதித்தது. அதே ஆண்டிலேயே சென்னை உயர் நீதிமன்றம் உறுதி செய்தது. 2013 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமும். மூன்று படி ஏறியும் எங்கும் எண் மாறவில்லை. அந்த 2013 தீர்ப்பு தண்டனைக்குச் சொன்ன காரணங்களில் ஒன்று, பெற்றோர் தங்கள் ஒரே ஆண் வாரிசை இழந்தார்கள் என்பது.

பத்தாண்டு கழித்து, 2023 மார்ச் 21 அன்று மறுஆய்வு மனுவில் தலைமை நீதிபதி சந்திரசூட் தலைமையிலான மூவர் அமர்வு குற்றத்தை அப்படியே உறுதி செய்தது. குற்றம் செய்தது இவர்தான் என்பதில் அவர்களுக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் தண்டனைப் பக்கத்தைப் புரட்டிப் பார்த்தபோது அங்கே ஒன்றும் இல்லை. கீழ்க் கோர்ட்டிலிருந்து தங்கள் கோர்ட் வரை ஒருவரும் இந்த மனிதரைப் பற்றி எதையும் விசாரிக்கவே இல்லை என்று எழுதினார்கள். விசாரித்திருந்தால் தெரிந்திருக்கக்கூடியவை பெரிய ரகசியங்கள் இல்லை: முன்பு எந்த வழக்கும் இல்லை; வயது 23; ரத்தக் கொதிப்பு நோயாளி; சிறையில் உணவுத் தயாரிப்பில் டிப்ளமோ முடித்திருக்கிறார்; 2013இல் தப்ப முயன்றதைத் தவிர நடத்தையில் குறை இல்லை. இறந்தது ஆண் பிள்ளையா பெண் பிள்ளையா என்பதைத் தண்டனைத் தராசில் வைக்கவே கூடாது, அது ஆணாதிக்க மதிப்பீட்டை நீதிமன்றமே வளர்ப்பதாகும் என்றும் சொன்னார்கள். தூக்கு போய், சலுகை ஏதுமின்றி இருபது ஆண்டுக்குக் குறையாத ஆயுள் தண்டனை வந்தது.

அந்தத் தீர்ப்பில் அதிகம் பேசப்படாத ஒரு பகுதி உண்டு. கைதியின் சிறை நடத்தை பற்றி அறிக்கை தரச் சொன்னபோது, காவல் துறையின் பிரமாணப் பத்திரம் முக்கியமான தகவலை மறைத்திருந்தது. கம்மாபுரம் காவல் ஆய்வாளர் மேல் ஏன் நீதிமன்ற அவமதிப்பு நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று நோட்டீஸ் போனது. உயிர் ஊசலாடும் வழக்கில் உச்ச நீதிமன்றம் கேட்டே வராத தகவல், மாவட்டக் கோர்ட்டில் யாரும் கேட்காமல் தானாக வந்துவிடுமா?

எண்களின் கணக்கு

தூக்கு வழக்குகளுக்குத் தலைப்புச் செய்தி கிடைக்கும். அன்றாடம் கோர்ட்டுகளில் இறங்குவது சிறிய எண்கள். அவற்றுக்குள் ஒரு தனிக் கணக்கு ஓடுகிறது. அதை வக்கீல்களும், பலமுறை உள்ளே போய் வந்தவர்களும் விரல்நுனியில் வைத்திருப்பார்கள்.

முதலில் அதிகார வரம்பு. முதல் வகுப்பு மாஜிஸ்திரேட் மூன்று ஆண்டுக்கு மேல் தர முடியாது. தலைமைக் குற்றவியல் நடுவருக்கு ஏழு. செஷன்ஸ் நீதிபதிக்கு எல்லை இல்லை. தூக்கு மட்டும் உயர் நீதிமன்றம் உறுதி செய்தால்தான் நிறைவேறும். அடுத்து, சிறையில் இரண்டு வகை. வேலை வாங்குவது கடுங்காவல், வெறுமனே அடைத்து வைப்பது மெய்க்காவல். 2023 டிசம்பரில் சொத்துக் குவிப்பு வழக்கில் அப்போதைய அமைச்சர் பொன்முடிக்கு உயர் நீதிமன்றம் விதித்தது மூன்றாண்டு மெய்க்காவல். அதையும் குற்றவாளி என்ற அறிவிப்பையும் பிறகு உச்ச நீதிமன்றம் நிறுத்திவைத்தது.

இந்த மூன்று என்ற எண்ணுக்குத் தனி மவுசு உண்டு. அதுவரை ஜாமீனில் இருந்த ஒருவருக்குத் தண்டனை மூன்றாண்டுக்கு மிகாமல் இருந்தால், மேல்முறையீடு செய்ய அவகாசம் தந்து, தண்டனை கொடுத்த கோர்ட்டே அன்று மாலைக்குள் ஜாமீன் தரலாம். ஒரு நாள் கூடினாலும் போலீஸ் வேனில் ஏறி ஜெயிலுக்குப் போய், மேல் கோர்ட் மனு பட்டியலுக்கு வரும்வரை உட்கார்ந்திருக்க வேண்டும். தண்டனை நாளன்று வக்கீல் தணிந்த குரலில் “மூணுக்குள்ள பார்த்துக்குங்க மைலார்ட்” என்பதன் பொருள் அதுதான்.

அரசியல்வாதிக்கு மாய எண் இரண்டு. இரண்டாண்டு சிறை என்றால் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டப்படி பதவி போய்விடும். 2023 மார்ச்சில் சூரத் நீதிமன்றம் ராகுல் காந்திக்கு அவதூறு வழக்கில் கொடுத்தது சரியாக இரண்டாண்டு. அந்தக் குற்றத்துக்குச் சட்டம் அனுமதிக்கும் உச்சம் அதுதான். ஆகஸ்ட் 4 அன்று உச்ச நீதிமன்றம் குற்றவாளி என்ற அறிவிப்பை நிறுத்திவைத்தபோது கேட்ட கேள்வி குற்றம் பற்றியது இல்லை. உச்சபட்சத்தைத் தேர்ந்தெடுத்ததற்கு ஏன் ஒரு காரணமும் எழுதவில்லை என்றுதான் கேட்டார்கள். ஒரே ஒரு நாள் குறைத்திருந்தால் தகுதியிழப்பு வந்திருக்காது. வயநாடு தொகுதி மக்களின் பிரதிநிதி யார் என்பதே ஒரு மாஜிஸ்திரேட் காரணம் எழுதாமல் விட்ட வரியில் தொங்கியது.

பிறகு ‘ஏக காலம்’. ஒரே வழக்கில் ஐந்து பிரிவுகளில் தண்டனை வந்தால், எல்லாம் ஒன்றாக ஓடுமா, ஒன்று முடிந்து ஒன்றா? ஒன்றன்பின் ஒன்று என்பதே 1973 சட்டத்தின் இயல்பாக இருந்தது. ஏக காலத்தில் அனுபவிக்கலாம் என்று நீதிபதி எழுதினால்தான் ஒன்றாக ஓடியது. எழுத மறந்தால் ஏழாண்டு பதினைந்தானது. இப்போதைய சட்டம், இரண்டில் எது என்று நீதிபதியே எழுத வேண்டும் என்கிறது. பல கொலைகள் நடந்த ஒரு தமிழ்நாட்டு வழக்கில் ஒவ்வொரு கொலைக்கும் ஓர் ஆயுள், அதுவும் ஒன்றன்பின் ஒன்றாக என்று உத்தரவு வந்தது. முத்துராமலிங்கம் வழக்கு என்று அதற்குப் பெயர். 2016இல் அரசியல் சாசன அமர்வு அதைத் திருத்தியது: மனிதனுக்கு இருப்பது ஒரே ஆயுள், ஒன்று முடிந்த பின் இன்னொன்றைத் தொடங்க முடியாது.

ஆயுள் என்றால் பதினாலு வருஷம் என்பது டீக்கடை நம்பிக்கை. சட்டத்தில் அப்படி எங்கும் இல்லை. ஆயுள் என்றால் ஆயுள் முழுதும். கொலை போன்ற, தூக்கு வரை போகக்கூடிய குற்றத்தில் ஆயுள் பெற்றவரை அரசு தண்டனைக் குறைப்பு செய்து விடுவிக்க நினைத்தாலும் பதினாலு ஆண்டு கழிந்திருக்க வேண்டும் என்று 1978இல் சேர்த்த விதியைத்தான் மக்கள் திருப்பிப் பிடித்துக்கொண்டார்கள். தூக்கு அதிகம், பதினாலு குறைவு என்று திண்டாடிய உச்ச நீதிமன்றம் 2008இல் சுவாமி ஷ்ரத்தானந்தா வழக்கில் நடுவே புது வழி கண்டது: இருபது, முப்பது ஆண்டு அல்லது சாகும்வரை, அரசு கை வைக்க முடியாத ஆயுள். ராஜீவ் கொலை வழக்குக் கைதிகள் விடுதலையை ஒட்டி எழுந்த ஸ்ரீஹரன் வழக்கில் 2015இல் ஐவர் அமர்வு அதற்கு ஒப்புதல் தந்தது. அந்த அதிகாரம் உயர், உச்ச நீதிமன்றங்களுக்கு மட்டுமே என்றும் கோடு போட்டது. ‘எஞ்சிய இயற்கை ஆயுள் முழுவதும்’ என்று சட்டப் பிரிவிலேயே எழுதியிருக்கும் கூட்டுப் பாலியல் வன்கொடுமை போன்ற குற்றங்கள் வேறு. அங்கே செஷன்ஸ் நீதிபதியே அதை விதிக்கலாம்.

அபராதத்திலும் விசித்திரம் உண்டு. கட்டாவிட்டால் கூடுதல் சிறை. அது அந்தக் குற்றத்துக்குரிய உச்சத்தில் நான்கில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. 2014இல் பெங்களூரு தனி நீதிமன்றம் ஜெயலலிதாவுக்கு விதித்த அபராதம் 100 கோடி ரூபாய், கட்டத் தவறினால் மேலும் ஓராண்டு. கூலிக்காரருக்கு ஆயிரம் ரூபாய் அபராதம், கட்டத் தவறினால் மூன்று மாதம் என்ற வரியையும் நம் தீர்ப்புகளில் பார்க்கலாம். ஆயிரம் ரூபாய் புரட்ட முடியாமல் அந்த மூன்று மாதத்தையும் உள்ளேயே கழிப்பவர்கள் இருக்கிறார்கள்.

கை கட்டப்பட்ட நீதிபதி

எல்லா எண்ணையும் நீதிபதியே தேர்ந்தெடுப்பதில்லை. நாடாளுமன்றம் கீழ்வரம்பு போட்டுவிட்டால், அதற்குக் கீழே இறங்க அவருக்கு வழியில்லை. போக்சோ சட்டத்தில் 2019 திருத்தத்துக்குப் பின் 16 வயதுக்குட்பட்ட குழந்தை மீதான பாலியல் வன்புணர்வுக்குக் குறைந்தது இருபது ஆண்டு. குழந்தையைச் சீரழித்தவனுக்கு இது கூடுதல் என்று யாரும் சொல்லப்போவதில்லை. ஆனால் அதே பிரிவில்தான் பதினைந்து வயதுப் பெண்ணோடு ஊரைவிட்டு ஓடிய பத்தொன்பது வயதுப் பையனும் வந்து நிற்கிறான். இரண்டு பேரும் ஒன்றல்ல என்று நீதிபதிக்குத் தெரியும். சட்டம் அதை எழுத இடம் விடவில்லை. இத்தகைய காதல் வழக்குகளுக்காக இந்தச் சட்டம் கொண்டுவரப்படவில்லை என்று 2021 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் எழுதி, ஓர் ஆட்டோ ஓட்டுநர் மீதான வழக்கையே ரத்து செய்தார்.

மேற்கு வங்க வழக்கொன்று இதைவிடச் சிக்கல். பதினாலு வயதில் ஒருவரோடு போன பெண். அந்த ஆணுக்கு இருபதாண்டு சிறை. உயர் நீதிமன்றம் விடுவித்தது, 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் மீண்டும் குற்றவாளி என்றது. ஆனால் தண்டனையை உடனே சொல்லவில்லை. அந்தப் பெண்ணிடம் போய்ப் பேச வல்லுநர் குழு ஒன்றை அமைத்தது. அவள் இப்போது ஒரு குழந்தைக்குத் தாய். அவரைக் காப்பாற்றக் கோர்ட் கோர்ட்டாக அலைந்து கடனாளி ஆகியிருந்தாள். நடந்த சம்பவத்தைவிட, அதன் பின் வந்த போலீசும் கோர்ட்டும்தான் அவளை நொறுக்கின என்று குழு கண்டது. 2025 மே 23 அன்று நீதிபதிகள் அபய் ஓகா, உஜ்ஜல் புயான் அமர்வு, அரசியல் சாசனத்தின் 142ஆவது பிரிவு தரும் தனி அதிகாரத்தைக் கொண்டு, குற்றவாளிதான், ஆனால் இனிச் சிறை இல்லை என்றது. முன்னுதாரணமாகக் கொள்ளக் கூடாது என்றும் சேர்த்தது. தண்டனைக்கு முன் விசாரிப்பது என்றால் என்ன என்று யாராவது கேட்டால் நான் இந்த வழக்கைத்தான் காட்டுவேன். ஆனால் அந்த அதிகாரம் உச்ச நீதிமன்றத்தோடு நின்றுவிடுகிறது. திருவண்ணாமலையிலோ திண்டுக்கல்லிலோ இருக்கும் போக்சோ நீதிபதிக்கு 142ஆவது பிரிவு கிடையாது.

அரிதினும் அரிது

தூக்குக்கு வருவோம். 1955இல் சட்டம் திருத்தப்படும் வரை கொலைக்குத் தூக்குதான் வழக்கம். ஆயுள் கொடுக்கும் நீதிபதிதான் காரணம் எழுத வேண்டும். 1973 சட்டம் அதைத் தலைகீழாக்கியது: ஆயுளே விதி, தூக்குக்குத்தான் சிறப்புக் காரணம் வேண்டும். 1980 மே மாதம் பச்சன் சிங் வழக்கில் ஐவரில் நால்வர் தூக்கு செல்லும் என்றனர், அரிதினும் அரிதான வழக்குக்கு மட்டும். பி.என். பகவதி மட்டும் மாறுபட்டார். ஆளுக்கு ஆள் மாறும் இந்தத் தண்டனை தன்னிச்சையானது என்பது அவர் வாதம். பெரும்பான்மைத் தீர்ப்பிலேயே இன்னொன்றும் இருந்தது: குற்றத்தோடு குற்றவாளியையும் பார்க்க வேண்டும், இவர் திருந்தவே மாட்டார் என்று அரசு காட்ட வேண்டும்.

தர்மபுரி பேருந்து எரிப்பு அந்தச் சூத்திரத்தை நம் கண்முன் சோதித்தது. 2000 பிப்ரவரி 2, வேளாண் பல்கலைக்கழக மாணவிகள் வந்த பேருந்து, ஜெயலலிதாவுக்கு எதிரான ஒரு தீர்ப்பைக் கண்டித்த கும்பல், உள்ளே கருகிய மூன்று பேர். 2007இல் சேலம் நீதிமன்றம் மூவருக்குத் தூக்கு விதித்தது. உயர் நீதிமன்றமும் 2010இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தன. 2016 மார்ச்சில் மறுஆய்வில் அதே உச்ச நீதிமன்றம், கும்பல் வெறியில் அறிவு மங்கிய நிலையில் செய்தது என்று ஆயுளாக்கியது. 2018 நவம்பரில் எம்.ஜி.ஆர். நூற்றாண்டையொட்டி மூவரும் வெளியே வந்தார்கள். 2010க்கும் 2016க்கும் நடுவில் சாட்சி ஒன்றும் புதிதாக வரவில்லை. பகவதி எதற்குப் பயந்தாரோ அது இதுதான்; எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும், அந்த மாணவிகளின் வீடுகளில் நின்று பார்த்தாலும்.

2022 மே மாதம் மனோஜ் எதிர் மத்தியப் பிரதேச அரசு வழக்கில் நீதிபதிகள் லலித், ரவீந்திர பட், பேலா திரிவேதி அமர்வு கொஞ்சம் நடைமுறைக்கு இறங்கி வந்தது. தூக்கு கேட்கும் வழக்கென்றால் குற்றவாளியின் வயது, குடும்பம், படிப்பு, வருமானம், முன் வழக்குகள், மனநல அறிக்கை ஆகியவற்றை விசாரணைக் கட்டத்திலேயே அரசு திரட்டித் தர வேண்டும் என்றது. அதே ஆண்டு செப்டம்பரில், இந்த விசாரணைக்கு எவ்வளவு அவகாசம் தர வேண்டும் என்பதை ஐவர் அமர்வுக்கு அனுப்பினார்கள். 1976இல் முடிந்துவிட்டதாக நினைத்த கேள்வி!

தில்லி தேசியச் சட்டப் பல்கலைக்கழகத்தின் 2016 ஆய்வு, தூக்குக் கைதிகளில் நான்கில் மூன்று பேர் பொருளாதாரத்தில் நலிந்தவர்கள் என்று கண்டது. தன் வாழ்க்கைக் கதையைத் திரட்டி ஆவணமாக்கிக் கோர்ட்டில் வைக்கக் காசு வேண்டும். இல்லாதவருக்கு வயசான அம்மாவும் ரெண்டு சின்னப் பிள்ளைகளும்தான்.

சீட்டுக் குலுக்கலா?

1988இல் பாட்டியாலாவில் நடுத்தெருச் சண்டையில் முதியவர் ஒருவர் இறந்தார். கிரிக்கெட் வீரர் சித்து மேல் வழக்கு. 1999இல் விடுதலை. 2006இல் உயர் நீதிமன்றத்தில் மூன்றாண்டு. 2018இல் உச்ச நீதிமன்றத்தில் ஆயிரம் ரூபாய் அபராதம். 2022இல் அதே உச்ச நீதிமன்றத்தில் ஓராண்டு கடுங்காவல். உடற்கட்டுள்ள விளையாட்டு வீரரின் கையே ஆயுதமாகலாம் என்பது அப்போதுதான் தோன்றியது. அந்தக் கை 34 ஆண்டாக அதே கைதான்.

இங்கிலாந்தில் தண்டனைக் கவுன்சில் ஒன்று 2010 முதல் குற்றவாரியாக வழிகாட்டி வெளியிடுகிறது. அமெரிக்கக் கூட்டரசு நீதிமன்றங்களில் கட்டம் கட்டமாக அட்டவணை போட்டு நீதிபதிகளைக் கட்டினார்கள். 2005இல் புக்கர் வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றமே கட்டை அவிழ்த்து, ஆலோசனையாக மட்டும் வைத்துக்கொள்ளச் சொன்னது. நம் நாட்டில் 2003இல் மாலிமத் குழு தண்டனை வழிகாட்டிக்கு ஒரு குழு வேண்டும் என்றது. அது காகிதத்தோடு நின்றது. 2024 மே மாதம் பீகார் வழக்கொன்றில் நீதிபதிகள் எம்.எம். சுந்தரேஷ், எஸ்.வி.என். பட்டி அமர்வு, தண்டனை என்பது சீட்டுக் குலுக்கல் ஆகிவிடக் கூடாது என்று சொல்லி, விரிவான தண்டனைக் கொள்கை பற்றி யோசிக்க மத்திய அரசைக் கேட்டது. போக்சோ விசாரணையையே ஒரே நாளில் முடித்த நீதிபதி ஒருவரின் வேகம்தான் அந்தப் பேச்சைக் கிளப்பியது.

எனக்கு அட்டவணைகளில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. குற்றத்தின் கனத்தை அட்டவணை அளந்துவிடும். கூண்டில் நிற்பவரை அளக்காது. மாவட்டக் கோர்ட்டில் நீதிபதிக்கு இப்போது இல்லாதது வழிகாட்டி நூல் அல்ல, தகவல். தகவல் கொண்டுவர ஓர் ஆள் வேண்டும்.

அந்த ஆள் ஏற்கெனவே இருக்கிறார் என்பதுதான் வேடிக்கை. சென்னை மாகாணம் 1936இலேயே நன்னடத்தைச் சட்டம் கொண்டுவந்தது; நாடு முழுமைக்கும் 1958இல்தான் வந்தது. நன்னடத்தை அலுவலர் என்று ஒரு பதவி இன்றும் மாவட்டந்தோறும் உண்டு. வீட்டுக்குப் போவார், அக்கம்பக்கத்தில் கேட்பார், வேலை செய்த இடத்தில் விசாரிப்பார், அறிக்கை தருவார். ஆயுள் தண்டனை வரை போகாத குற்றங்களில், 21 வயதுக்குட்பட்டவர்களை அந்த அறிக்கையைப் பார்க்காமல் சிறைக்கு அனுப்பக் கூடாது என்பது சட்டம். அனுப்பினால் காரணம் எழுத வேண்டும். ‘குற்றத்தின் தன்மையைக் கருதி நன்னடத்தைச் சட்டத்தின் பயனைத் தர இயலாது’ என்று எழுதப்படும் அந்த ஒற்றை வரி, மேலே சொன்ன கருணைப் பத்திக்கு உடன்பிறப்பு. நன்னடத்தை அலுவலரைக் கூப்பிடாமலே அதை எழுதிவிடலாம்.

பாதிக்கப்பட்டவர் பக்கமும் இதே வெறுமைதான். இழப்பீடு பற்றி ஒவ்வொரு வழக்கிலும் நீதிபதி யோசித்தாக வேண்டும், தரவில்லையென்றால் ஏன் என்று எழுத வேண்டும் என்று 2013இல் அங்குஷ் கெய்க்வாட் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. பொள்ளாச்சித் தீர்ப்பில் பாதிக்கப்பட்ட பெண்களுக்கு மொத்தம் 85 லட்சம் ரூபாய். கையை இழந்த, வேலையை இழந்த, தலைப்புச் செய்தியில் வராத சாதாரண அடிதடி வழக்குக்காரருக்கு அந்த யோசனை எத்தனை தீர்ப்பில் வருகிறது என்று தேடிப் பாருங்கள்.

புதுத் தண்டனைச் சட்டத்தில் தண்டனை வகைகளின் பட்டியலில் ஆறாவதாக ஒன்று சேர்ந்திருக்கிறது: சமூக சேவை. முதல் தடவை ஐயாயிரம் ரூபாய்க்கும் குறைந்த பொருளைத் திருடி, அதைத் திருப்பிக் கொடுத்தவர், குடித்துவிட்டுப் பொது இடத்தில் ரகளை செய்தவர், அவதூறு பேசியவர் என ஒரு கைவிரல்களுக்குக் கொஞ்சம் அதிகமான குற்றங்களுக்கு. சமுதாயத்துக்குப் பயன்படும் வேலை, கூலி கிடையாது. சட்டம் சொல்வது அவ்வளவே. அரசு மருத்துவமனையா, ஏரிக்கரையா, எத்தனை மணி நேரம், வருகைப் பதிவேட்டில் கையெழுத்து வாங்குவது யார், வராவிட்டால் அந்தச் சேதியை மாஜிஸ்திரேட்டிடம் போய்ச் சொல்வது யார் என்பதை அதே மாஜிஸ்திரேட்தான், அன்றைய பட்டியலில் காத்திருக்கும் மற்ற வழக்குகளுக்கு நடுவே, யோசித்து எழுத வேண்டும்.